காலா, வாயா?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். மேடைக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்குப் பாதி வணக்கம்; மீதியைக் கடைசியில் தருகிறேன்.

தலைப்பு எல்லாருக்கும் தெரியும். அடுத்த சீசனில் நம் கல்லூரிக் கால்பந்து அணி ஜெயிக்க வேண்டுமென்றால் முதலில் தேற வேண்டியது காலா, வாயா? நான் வாய்க் கட்சி. உள்ளதைச் சொன்னால், முதலில் என் பெயரைக் கால் கட்சியில்தான் எழுதியிருந்தார்கள். அங்கே ஆள் கூடிப்போய்விட்டதால் நேற்றுச் சாயங்காலம் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். மைதானத்திலும் மாற்று ஆள், மேடையிலும் மாற்று ஆள். எனக்கு இது பழக்கம்தான்.

எனக்கு முன்னால் பேசிய தங்கை, நம் பெண்கள் அணியின் தலைவி, நன்றாகப் பேசினார். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நம் பையன்களுக்கு மூச்சு வாங்குகிறது என்றார். ஒத்துக்கொள்கிறேன். இடது காலால் ஒழுங்காக அடிக்கத் தெரிந்தவன் அணியிலேயே ஒருவன்தான் என்றார். அதுவும் சரி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நம் நாட்டு அணி இரண்டு பெனால்ட்டியைத் தவறவிட்டது, ஆகவே எல்லாம் கால்தான் என்றார். அதற்குப் பிறகு வருகிறேன். ஏனென்றால் உட்காரப் போகும்போது, போகிறபோக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள். “வாயால் கோல் போட முடியும் என்றால், மூன்று வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து கத்திய அண்ணன் இந்நேரம் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டிருப்பார்.”

நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். பரவாயில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் அணிக்காரரும் தட்டினார். பார்த்துவிட்டேன்.

சரி, பெஞ்சுக்கே வருவோம். எழுதிக்கொண்டு வந்த நான்கு கருத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

நடுவர் அவர்களே, நீங்கள் நம் மைதானத்துப் பெஞ்சைப் பார்த்ததில்லை. வேதியியல் ஆய்வகத்தில் கழித்துப் போட்டதைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டிருக்கிறார்கள். ஒரு கால் குட்டை. அதற்கு ஒரு செங்கல் முட்டு. இந்த ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஓரத்தில் இருப்பவன் ஆவேசமாக எழுந்தான் என்றால் நான் கீழே. மாற்று கோல் கீப்பராக மூன்று வருஷத்தில் நான் அடித்த டைவ் பெரும்பாலும் அங்கேதான்.

மொத்தம் பதினொரு நிமிடம் ஆடியிருக்கிறேன். அந்தப் பதினொரு நிமிடத்தில் எனக்கு ஒரு கோல்கூட விழவில்லை. பந்து அந்தப் பக்கமே வரவில்லை என்று சில பேர் சொல்கிறார்கள். பொறாமை. மீதி நேரத்தில் என் வேலை என்ன தெரியுமா? ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பருக்குப் பந்தடித்துக் கொடுப்பது. இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் பதினோரு பேருக்கும் ஆரஞ்சு உரிப்பது. கீப்பருடைய கையுறையை ஈரத்துணியால் துடைத்துக் கொடுப்பது. செம்மண் ஒட்டினால் பந்து நழுவும், அதற்காக.

தங்கச்சி, இவ்வளவு மட்டமாகப் பேசினீர்களே, அந்தப் பெஞ்சுக்கு ஒரு வரம் இருக்கிறது. ஓடுகிறவனுக்கு அவன் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். வேடிக்கை பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் விசில்தான் கேட்கும். ஆட்டத்தின் பேச்சு முழுதாகக் கேட்பது பெஞ்சில் இருப்பவனுக்குத்தான்.

அரையிறுதியில் எதிரணி ஆடியதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருப்பேன். பந்து ஒருவன் காலுக்கு வருவதற்கு முன்னால் “மேன்!” என்று ஒரு குரல். பின்னால் ஆள் நெருங்குகிறான், ஒரே தட்டில் கொடுத்துவிடு என்று அர்த்தம். “டைம்!” என்றால் யாரும் இல்லை, திரும்பு. பந்தை அடித்து வெளியே அனுப்பியதும் “ஏறு, ஏறு!” தடுப்பு வரிசை நான்கு பேரும் ஒரே நூலில் கட்டியதுபோல மேலே போவார்கள். பின்னால் தங்கிவிட்ட எதிராளி ஆஃப்சைடில் மாட்டுவான், அங்கே நின்று பந்து வாங்கிக் கோல் போட்டாலும் செல்லாது.

நம் வரிசையும் ஏறும், ஐயா. மூன்று பேர் ஏறுவார்கள். கடைசியிலிருந்து இரண்டாவது தடுப்பாளி எங்கே நிற்கிறானோ அதுதான் ஆஃப்சைடு கோடு. கடைசி ஆள் பெரும்பாலும் கீப்பர். ஆகவே ஒரே ஒருவன் தங்கிவிட்டால் போதும், எதிரணி மொத்தமும் தப்பித்துவிடும். அன்றைக்கு நம் இடது பேக், அந்த நான்காவது தடுப்பாளி, பெனால்ட்டி ஏரியாவில் குனிந்து பூட்ஸ் லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேர் ஏறிவிட்டார்கள். அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. கோல் விழுந்தது. அவன் நிமிர்ந்து, எல்லாருக்கும் முந்திக் கையைத் தூக்கி “ஆஃப்சைடு!” என்றான். லைன்ஸ்மேன் சிரித்தாரே தவிரக் கொடியைத் தூக்கவில்லை.

நம் பையன்களுக்கு வாய் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கோல் விழுந்த மறுநொடி “ஏம்லே விட்ட?” “நீ எங்கலே நின்ன?” “ரெஃப்ரிக்குக் கண்ணு இல்லையா?” என்று வரிசையாக வரும். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் மஞ்சள் அட்டையாக வரும். வாய் இருக்கிறது ஐயா, பந்தைவிட இருபது வினாடி தாமதமாக வருகிறது.

இனி அந்தக் கோல். இரண்டாவது கோல். எல்லாருக்கும் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டேன்.

ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தெட்டாவது நிமிடம். எதிரணியில் ஒருவன் நெருக்கடி தாங்காமல் நடுக்களத்திலிருந்து பந்தை வானத்துக்கு அடித்தான். அது கோலுக்கு அடித்த பந்தே இல்லை, தொல்லை விட்டால் போதும் என்று அடித்தது. அவர்கள் ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. நம் ஸ்டாப்பர், தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கிற அந்த ஆறடி ஆள், இதோ முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே அவரேதான், அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போகிறார். நம் கீப்பர் கோலை விட்டு வெளியே வருகிறான். ஸ்டாப்பர் கத்தினார்: “விடு!” என்ன அர்த்தம்? நீ விடு, நான் அடிக்கிறேன். அதே நொடி கீப்பர் கத்தினான்: “விடு!” நீ விடு, நான் பிடிக்கிறேன்.

இரண்டு பேரும் விட்டார்கள்.

மூன்று வருஷத்தில் நம் அணியில் ஒருவன் சொன்னதை இன்னொருவன் உடனே கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான், ஐயா! பந்து இரண்டு பேருக்கும் நடுவில் டொம் என்று குத்தியது. எழும்பியது. மறுபடி குத்தியது. அப்புறம் உருண்டது. கோல் கோட்டில் போய், போகலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, உள்ளே போய் உட்கார்ந்தது. வலைகூட அசையவில்லை. பிறகு அந்தப் பந்தை நான் கையில் வாங்கினேன், ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

இது நான் பார்த்தது. ஸ்டாப்பரைக் கேட்டால், தான் மூன்று தடவை “விடு” சொன்னதாகச் சொல்வார். பந்து காற்றில் இருந்ததே மூன்று வினாடி. அதற்குள் மூன்று தடவை சொல்ல நேரம் இருந்ததென்றால் ஒரு தடவை உதைக்கவும் நேரம் இருந்திருக்கும் அல்லவா?

கல்லூரி வாசல் டீக்கடை அண்ணாச்சி சொல்வது வேறு. அவர் ஆட்டத்துக்கே வரவில்லை, ஆனால் விவரமெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. அவர் கணக்கில் பந்து கோட்டில் நின்றதாம். கீப்பர் ஸ்டாப்பரைப் பார்த்து “நீங்க எடுங்க” என்றானாம். ஸ்டாப்பர் “சேச்சே, நீங்க எடுங்க” என்றாராம். பந்துதான் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே உள்ளே போனதாம். இப்போதும் அங்கே ஒரு கிளாஸ் டீக்கு இரண்டு பேர் கை நீட்டினால் போதும், அண்ணாச்சி கிளாஸை மேசையில் வைத்துவிட்டு “விடு! விடு!” என்று இரண்டு குரலில் சொல்லிக் காட்டுகிறார்.

தங்கை கேட்கலாம், இதற்கு என்னதான் செய்ய? தமிழில் “விடு” என்றால் விலகு என்றும் அர்த்தம். “ஓங்கி ஒண்ணு விடு” என்றால் அடி என்றும் அர்த்தம். ஆபத்தான சொல். கீப்பர் வருகிறான் என்றால் “கீப்பர்!” என்று கத்தட்டும். பேக் அடிக்கப்போகிறான் என்றால் தன் பெயரைச் சொல்லட்டும். பெயர் சொல்லாமல் “விடு” என்று கத்தி எதிராளியை ஏமாற்றினதாக ரெஃப்ரி நினைத்துவிட்டால் விதிப்படி அதற்கும் மஞ்சள் அட்டை உண்டு. இரண்டே சொல். இதற்கு ஜிம் வேண்டாம், புது பூட்ஸ் வேண்டாம், அலுவலகத்தில் நிதிக் கையெழுத்துக்காக நிற்க வேண்டாம்.

லண்டனுக்கு வருகிறேன் என்றேன். 1948. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். பிரான்சுக்கு எதிராக எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட முதல் கோல் அது. பிரான்சின் வெற்றிக் கோல் எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் வந்தது. அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்த அந்தக் கால்களைக் குறை சொல்ல, தங்கச்சி, எனக்கு வாய் வராது.

அதே நம் நாட்டு அணி 1962-ல் ஜகார்த்தா போனது, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு. பயிற்சியாளர் ஹைதராபாத் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது, அடுத்த வருஷமே போய்விட்டார். இறுதி ஆட்டத்தில் அரங்கம் முழுக்க எதிர்ப்புச் சத்தம். தலையில் தையலோடு இருந்த ஜர்னெயில் சிங்கை, தடுப்பாட்டக்காரரை, ரஹீம் முன்வரிசையில் இறக்கியிருந்தார். அவரும் பி.கே. பானர்ஜியும் கோல் போட, தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வந்தது. ரஹீமா ஓடினார்? உடம்பு முடியாத மனிதர் பேசினார். அந்தப் பையன்கள் ஓடினார்கள்.

மணி அடிக்காதீர்கள் ஐயா. ஒரே நிமிடம்.

அந்த “விடு”வை இன்னொரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இந்தத் தடவை சிரிக்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்து திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் திரும்பினோம். நம் கீப்பர் டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். கையுறையைக் கழற்றவில்லை. கடற்கரை ஊர்ப் பையன். தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கம் போய்ப் பார்த்திருப்பீர்கள், மைக்கேல் சூசைராஜ் மாதிரி ஆட்டக்காரர்கள் கிளம்பி வந்த மண். சாயங்காலமானால் அலைக்கும் வள்ளத்துக்கும் நடுவில் பந்துதான். இவன் அப்பா கடலுக்குப் போகிறவர். இந்த ஆட்டத்துக்காக அன்றைக்கு மட்டும் போகாமல் வந்திருந்தார். மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். முடிந்ததும் மகனிடம் ஒன்றும் பேசாமல் வேறு பஸ் ஏறிவிட்டார்.

காவல்கிணறு பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினோம், அவன் இறங்கவில்லை. முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் காற்று அறைந்தது. பதினெட்டுப் பேர் இருந்த பஸ்ஸில் ஒரு பேச்சில்லை. ஸ்டாப்பர் தூங்குவதுபோல இருந்தார். பயிற்சியாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவனுக்கு இரண்டு சீட் பின்னால். “விடு” என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது, நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுந்துபோய்த் தோளில் கைவைத்து அதைச் சொல்லியிருக்கலாம். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து கத்தின வாய்க்கு அன்றைக்கு என்ன வந்தது? மேடை ஏறிவிட்டேன், சொல்லிவிடுகிறேன். இவன் போனால் அடுத்த ஆட்டத்துக்கு நான்தானே கீப்பர் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது. அதனால் சும்மா இருந்தேன். தங்கை என்னைச் சொன்னது சரிதான், ஆனால் அந்தப் பஸ்ஸில் நான் கத்தவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை. கையுறையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த ஆட்டம் என்று ஒன்றும் இல்லை. சீசனும் முடிந்தது, இந்த மாதத்தோடு என் படிப்பும் முடிகிறது.

நடுவர் ஐயா, தீர்ப்பைக் காலுக்கே கொடுங்கள், எனக்கு வருத்தமில்லை. எதிரணிக்கு வைத்திருந்த மீதி வணக்கத்தைத் தங்கை பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தால், அதைக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஒருவனுக்குக் கொடுத்துவிடுகிறேன். மறைந்து நின்றாலும் எனக்குத் தெரிகிறது.

மக்கா, விடுலே. ஜூனில் பிராக்டிஸ் தொடங்குது. கையுறை என்கிட்டதான் இருக்கு. துடைச்சு வச்சிருக்கேன்.