போக்கர்ல எதிராளி கை நடுங்குதா? சிப்ஸை உள்ள விடாதீங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்கு வேற வீடியோ போடறதா இருந்தேன். ஆனா நேத்து போக்கர் சீட்டாட்ட டேபிள்ல நடந்ததைச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

எதிர்ல ஒருத்தர். ஹூடி, கூலிங் கிளாஸ், பாதி முகத்தைக் காணோம். எனக்குத்தான் இந்தக் கூலிங் கிளாஸ் பார்ட்டிங்களைக் கண்டாலே ஆகாதே, உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடிட்டு கழுத்தைத் திறந்து வெச்சிருக்கார்! நரம்பு துடிக்கறது எதிர்ல இருக்கற எனக்கே தெரியுது.

என் கையில ஏஸ், கிங். ஃப்ளாப்ல, அதாவது எல்லாருக்கும் பொதுவா முதல்ல திறக்கற மூணு கார்டுல, கிங், ஒன்பது, நாலு. டர்ன்ல, அதாவது நாலாவது கார்டா, இன்னொரு ஒன்பது. கடைசிக் கார்டு ரிவர்ல சும்மா ஒரு ரெண்டு. மனுஷன் பாட் (நடுவுல சேர்ந்திருக்கற மொத்தப் பந்தயம்) அளவுக்கே பெட் பண்றார். சிப்ஸ் (பந்தய வில்லை) அடுக்கைத் தள்ளும்போது மேல இருக்கற சிப் கடகடன்னு ஆடுது. புதுசா ஆடறவங்க, 'பயப்படறான், ப்ளஃப்தான், நல்ல கார்டே இல்லாம மிரட்டறான்'னு கால் பண்ணி, அதே அளவு சிப்ஸைப் போட்டுடுவாங்க. பெரும்பாலும் நேர்மாறுங்க! ப்ளஃப் பண்றவன் உடம்பை இறுக்கிப் பிடிச்சுக்குவான், மூச்சுகூட விடமாட்டான். பெரிய ஹேண்ட் (ஜெயிக்கற மாதிரி கார்டு சேர்க்கை) வந்தாத்தான் அட்ரினலின் ஏறி கை தானா உதறும்.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேனே! அதுக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துல இதே ஆள் ப்ளஃப் பண்ணி மாட்டினார். அப்போ அந்தக் கை அசையவே இல்லை. அதைப் பார்த்து வெச்சதாலதான் இந்த நடுக்கத்துக்கு அர்த்தம். சிலருக்கு எப்பவுமே கை நடுங்கும், அவங்களை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஃபோல்ட் பண்ணிட்டேன், அதாவது ஆட்டத்தை விட்டுட்டேன். ஏஸ், கிங்கை! ரிவர்ல! அவர் திருப்பிக் காட்டறார்: கையில நாலும் நாலும், ஜோடி! டேபிள்ல இருக்கற நாலோடயும் ஜோடி ஒன்பதோடயும் சேர்ந்து ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ல மூணு, இன்னொரு எண்ல ரெண்டு). ஜெயிச்சது அவர்தான், ஆனா ராத்திரி பூரா சந்தோஷம் எனக்கு.

சரி, நம்ம கை நடுங்கினா? அடக்கப் பார்க்காதீங்க, அடக்க அடக்க ஜாஸ்தியாகும். முன்னங்கையை டேபிள் விளிம்புல சாய்ச்சு வெச்சுட்டு, அடுக்கை ஒரே தள்ளா தள்ளிட்டு கையை எடுத்துருங்க. மூச்சை இழுக்கறதைவிட மெதுவா விடுங்க, படபடப்பு இறங்கும். நல்ல கார்டோ குப்பையோ, ஒவ்வொரு தடவையும் அதே இடைவெளி விட்டு ஆடுங்க. கார்டு வந்ததும் எட்டிப் பார்க்கற பழக்கம் இருக்கே, எனக்குப் பத்திக்கிட்டு வரும்! உங்க முறை வர்றவரைக்கும் மத்தவங்க முகத்தைப் பாருங்க. ஃப்ளாப் விழுந்ததும் எவன் கண்ணு சட்டுனு தன் சிப்ஸ் பக்கம் போகுதோ, அவனுக்கு அனேகமா ஏதோ மாட்டிருக்கு.

ஆங், இன்னொண்ணு. எதிராளி பெட் போட்டிருக்கும்போது, பதட்டத்துல வாயைத் திறக்காம ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டீங்கன்னா, பொதுவா அது வெறும் கால்தான். ரெய்ஸ், அதாவது பந்தயத்தை ஏத்தறது, ஆகாது. பாதியைத் தள்ளிட்டு மீதியை எடுக்கப் போனா ஸ்ட்ரிங் பெட்டு, அதாவது துண்டு துண்டா போடற பெட்டுன்னு டீலர் நிறுத்திடுவார். அதனால சிப்ஸைத் தொடறதுக்கு முன்னாடியே வாயால சொல்லிடுங்க. குரலும் நடுங்குமேங்கறீங்களா? 'ரெய்ஸ்', ஒரே வார்த்தை. அதுல எவ்வளவுதான் நடுங்கிட முடியும்?