கச்சான் சுருளும் கோணல் பையும்

(திருகோணமலையில் ஒரு சனிக்கிழமை மாலை, பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்த வாசிப்பு வட்டத்தில் பேசியது. பேச்சில் இருந்த இரண்டொரு சுற்றுப்பாதைகளை மட்டும் குறைத்து எழுதியிருக்கிறேன்.)

அவையோருக்கு வணக்கம்.

வரும் வழியில் கோட்டைப் பக்கக் கடற்கரையில் கச்சான் கடலை வாங்கினேன். தின்று முடித்துச் சுருளைப் பிரித்தால், உள்ளே யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள். பின்னக் கணக்கு. மூன்றில் இரண்டு பிழை. சிவப்புப் பேனையால் 'கவனம்' என்று எழுதியிருக்கிறது. இதோ, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பிள்ளை இந்தச் சபையில் இருந்தால் பயப்பட வேண்டாம், கொப்பியில் பெயர் இல்லை.

கச்சான்காரர் சுருள் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? தாளின் ஒரு மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பிடிப்பார். மணிக்கட்டு ஒரு சுற்று. அடி நுனியை மடித்து உள்ளே தள்ளுவார். பசை இல்லை, கத்தரிக்கோல் இல்லை, அவர் கண்கூட வாங்க வருகிறவரின் முகத்தில்தான் இருக்கும். கடதாசிக் கைவேலை பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையில் அவரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

நான் கடதாசி படித்தது அம்மம்மாவிடம். அப்போது உவர்மலையில் இருந்தோம். பழைய பத்திரிகையைக் கிலோக் கணக்கில் வாங்கி, பை ஒட்டி, கடைகளுக்குக் கொடுப்பார். நூறு பை ஒரு கட்டு. மாரி காலத்தில் பின்னேரம் முழுவதும் விறாந்தையில் அதுதான் வேலை. அம்மா மடிப்பார், சித்தி ஒட்டுவார், எனக்கு அடிப்பக்க மடிப்பைச் சிரட்டையால் தேய்த்து அழுத்தும் வேலை.

பசையில்தான் எல்லாம் இருக்கிறது. கோதுமை மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அவசரப்பட்டு நேரே கொதிதண்ணீரில் போட்டால் கட்டி பட்டுவிடும், வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாகவே கிடக்கும். கரைத்ததைக் கொதிக்கிற தண்ணீரில் மெல்ல ஊற்றி, அகப்பைக் காம்பால் விடாமல் துழாவ வேண்டும். பால்போல் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை இழந்து, கண்ணாடிபோல ஒரு மங்கலுக்கு வரும். அந்த நேரம் இறக்கினால் சரி. அதற்குமேல் விட்டால் அடிப்பிடிக்கும், வீடு முழுக்க கருகிய மா மணக்கும். கொப்பி கட்டுகிற பசைக்கு மட்டும் துருசு, அதுதான் மயில்துத்தம், ஒரு சிட்டிகை போடுவார். பசை புளிக்காது, இராமபாணப் பூச்சியும் அண்டாது. ஆனால் துருசு நஞ்சு. அதனால் சாமான் பைப் பசையில் அதைச் சேர்க்கவே மாட்டார், அந்தப் பொட்டலத்தை எங்கள் கைக்கு எட்டாத கூரைச் செருகலில்தான் வைத்திருப்பார்.

ஏழு வயதுப் பிள்ளை அழுத்திய மடிப்பு எப்படி இருக்கும்? பாதிப் பை கோணல். அம்மம்மா அதைப் பிரித்துத் திருத்தியதே இல்லை. கோணல் பைகளைக் கட்டின் நடுவில் செருகிவிடுவார். கடைக்காரர் கண்டாரோ காணவில்லையோ, ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை.

முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பத்திரிகைத் துண்டு ஒவ்வொன்று கொடுத்திருக்கிறோம். மேலிருந்து கீழாக ஒருமுறை கிழியுங்கள். அப்புறம் குறுக்கே. என்ன, ஒரு பக்கம் கோடு போட்டதுபோல் நேராகப் போகிறது, மற்றப் பக்கம் கடற்கரைபோல் வளைந்து வளைந்து போகிறது, இல்லையா? ஆலையில் கடதாசிக் கூழ் ஓடுகிற வலைமேல் விழும்போது நார்கள் பெரும்பாலும் ஓடுகிற திசைக்கே படுத்துவிடுகின்றன. விறகு பிளக்கிறவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நார் போகும் பக்கம் மடித்தால் மடிப்பு கூராக விழும், குறுக்கே மடித்தால் மட்டை வெடிக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவு வளராது, அகலத்தில்தான் ஊதும். மாரியில் சுவரில் இருக்கிற கலண்டர் மட்டை வளைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை.

நம் வீடுகளில் பெரிய கடதாசி வேலை எது என்று கேட்டால், கொப்பிக்கு உறை போடுவது என்பேன். 1980இல் அரசு இலவசப் பாடநூல் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் புத்தகத்தைப் பழுதில்லாமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை படிக்கும். ஆகவே உறை கட்டாயம். புது வகுப்புத் தொடங்குவதற்கு முதல்நாள் இரவு, பாய் விரித்து, பழுப்புக் கடதாசிச் சுருளை ஒரு நுனியில் அரிக்கன் லாம்பு வைத்து அடக்கி, அப்பா அளந்து வெட்ட, அக்கா மடிக்க, கடைக்குட்டி பெயர்ச்சீட்டு நக்கி ஒட்ட, ஒரு வீடு முழுக்க ஒரே வட்டத்தில் இருக்கிற இரவு அது. பழுப்புக் கடதாசி முடிந்தால் பழைய கலண்டர். முருகன் படம் உள்பக்கம் போக வேண்டுமா வெளிப்பக்கம் வர வேண்டுமா என்று சண்டை வரும். இப்போது கடையில் பிளாஸ்டிக் உறை ஆயத்தமாகவே கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலை. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் பாய் விரிப்பதில்லை.

அதேபோலத்தான் பெட்டியில் வருகிற கைவேலைத் தொகுதிகளும். சதுர மீற்றருக்கு 80 கிராம் என்று கணக்கிடுகிற ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். அந்தத் தொகுதிகளில் உள்ளே இருக்கிற தாளைவிட வெளிப் பெட்டியின் மட்டை பாரம்.

சரி, என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். மகன் ஐந்தாம் வகுப்புக்கு வரமுன் பாடசாலையில் ஒரு ஒப்படை கொடுத்தார்கள்: கோணேசர் கோயிலை மட்டையில் செய்ய வேண்டும். அவன் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே முக்கோணம் ஒன்று ஒட்டி, அடியில் நீலக் கடதாசியைக் கசக்கிக் கடல் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. நானோ ஆசிரியன், கத்தி பிடிக்கத் தெரிந்தவன். அவன் நித்திரையானதும் தொடங்கி, இரண்டு இரவு இருந்து, கோபுரத்தைத் தட்டுத் தட்டாக வெட்டி, சுவாமி மலைப் பாறையைப் பத்திரிகைக் கூழில் செய்து, சாயம் பூசி முடித்தேன். முதற்பரிசு. பரிசு கொடுத்தவர், "கோபுரத் தட்டை எப்படித் தம்பி நிறுத்தினாய்?" என்று கேட்டார். "அப்பாவிடம் கேட்க வேணும்" என்றான். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். கிண்ணத்தை வீட்டு அலுமாரியில் வைத்தேன்.

அடுத்த தவணை இன்னொரு ஒப்படை வந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மட்டை, பசை, கத்தரிக்கோல் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "அப்பா, நாளைக்குக் கொண்டுபோக வேணும்" என்று சொல்லிப் படுக்கப் போனான். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. வேலையை வேலைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான்.

அவனை மீண்டும் கடதாசியிடம் கொண்டுபோனது நான் இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடுகிற கடதாசி விளக்குக் கூடு கட்ட அவரோடு போய் உட்கார்ந்தான். மூங்கில் ஈர்க்கு சீவி, நூலால் மூலை கட்டி, ரிஷூக் கடதாசி ஒட்டுகிறார்கள். ஒட்டியதும் தாள் தொய்ந்து கிடக்கும். வாயில் தண்ணீரை வைத்துப் புகைபோல் ஊதிவிட்டால், காயும்போது பறைத்தோல்போல் இழுபட்டு நிற்கும். நான் மதிலால் எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஈர்க்கு நீளம். கூடு நொண்டுகிறது. என்னை அறியாமல் கை நீட்டினேன். அந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "மாஸ்டர், கை வேண்டாம்."

அந்த நொண்டிக் கூடு எங்கள் வாசலில்தான் தொங்கியது. கச்சான் காற்று எழும்ப (இது தின்கிற கச்சான் இல்லை, தென்மேற்குக் காற்று) ஒரு கிழமையில் கிழிந்துபோனது. அவன் எலும்புக்கூட்டை மட்டும் கழற்றி வைத்து, புது ரிஷூ ஒட்டினான்.

2022இல் கடதாசித் தட்டுப்பாடு வந்தது ஞாபகம் இருக்கும். மேல் மாகாணத்தில் பரீட்சையே தள்ளிப்போனது, சில பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சை நிறுத்தின. வைக்கோலில் கடதாசி செய்த வாழைச்சேனை ஆலை இருக்கிற மாகாணத்தில் இருந்துகொண்டு, கொப்பி விலையைக் கேட்டு நாம் வாய் பிளந்தோம். பேரப்பிள்ளைகள் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதினார்கள். அந்தத் தாள்களில் கொஞ்சம் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

பின் மேசையில் பசைச் சட்டி இருக்கிறது, காலையில் காய்ச்சியது. துருசு போடவில்லை. கத்தரிக்கோல் நான்குதான், பிள்ளைகள் முறை வைத்து வெட்டுங்கள். பெற்றோருக்கு வெளி விறாந்தையில் பிளேன்ரீ இருக்கிறது. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். நானும் உங்களோடுதான் வருகிறேன்.