மூன்று வாரம் திட்டு வாங்கிய பேட்டரி

இதைப் பாருங்கள். கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன்... தெளிவாகத் தெரிகிறதா? சரி. ஒரு வாஷர், நட்டுக்கு அடியில் போடும் வட்டத் தகடு. கட்டைவிரல் நகத்தளவுதான். மூன்று வாரமாக என் உயிரை வாங்கியது இதுதான்.

போன வீடியோவில் நான் போட்ட கூப்பாடு ஞாபகம் இருக்கும். காலையில் எழுந்து வேனில் மின் கெட்டிலைப் போட்டால் அரை நிமிடம் ஓடும், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தும், அப்புறம் அணைந்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது. பேட்டரி செத்துவிட்டது, நன்றாக ஏமாந்தேன், புதிதாக வாங்கப்போகிறேன் என்று பன்னிரண்டு நிமிடம் புலம்பினேன். அந்த வீடியோவை நீக்கமாட்டேன், கிடக்கட்டும். ஆனால் அதில் சொன்னது முழுக்கத் தப்பு.

வேனில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். கூரையில் 100 வாட் சோலார் பேனல் மூன்று. உள்ளே 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு, இணையாக. மொத்தம் 2,560 வாட்-மணி. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க இதில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டாம். அப்படியிருக்க ஏன் அணைகிறது?

பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டிருக்கும் ஷன்ட் மீட்டர் 60 சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று சொன்னது. நான் நம்பவில்லை. அதையும் சேர்த்துத் திட்டினேன். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 13.2 வோல்ட். அதுவும் எதையும் சொல்லவில்லை. சும்மா இருக்கும் இந்த வகை பேட்டரி பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். வோல்டேஜை மட்டும் பார்த்து நான்கு கட்டம் எரியவிடும் மீட்டர்கள் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பு உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதற்குள் போகவில்லை.

பாரம் ஏறும்போது, அதாவது கெட்டில் மாதிரி ஏதாவது மின்சாரத்தை இழுக்கும்போது, அளந்து பாருங்கள் என்று உங்களில் ஒருவர் சொல்லியிருந்தார். முதலில் எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் கெட்டிலைப் போட்டேன். பேட்டரி முனையில் 12.6. ஓடிப்போய் இன்வெர்ட்டர் முனையில் வைத்தால் 11.1! 11 தொட்டதும் கத்தல். பேட்டரியை விட்டுக் கிளம்பிய ஒன்றரை வோல்ட் வழியில் எங்கேயோ காணாமல் போகிறது.

இனி திருடனைத் தேட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முள்ளை ஒரு கேபிளின் இந்த முனையிலும், இன்னொன்றை அதே கேபிளின் அந்த முனையிலும் வைக்க வேண்டும். ஒரே கம்பியில் இரண்டையும் வைத்தால் பூஜ்யம்தானே காட்டும் என்று நினைப்போம். மின்சாரம் ஓடாதபோது அப்படித்தான். ஓடும்போது அந்தத் துண்டு எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டிவிடும். பாசிட்டிவ் கேபிள் 0.2. நெகட்டிவ் கேபிள் 0.2. ஃப்யூஸ் 0.1. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் கத்தி அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியாக நெகட்டிவ் பஸ்பார், நெகட்டிவ் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் இடம். அதன் செம்புப் பட்டையில் ஒரு முள், அதில் முடுக்கியிருக்கும் லக்கில், அதாவது கேபிள் நுனியின் உலோக வளையத்தில், ஒரு முள். இரண்டுக்கும் இடையே விரல் கனம்கூட இல்லை. ஒரு வோல்ட்!

கணக்கைப் பாருங்கள். அப்போது ஓடுவது சுமார் 100 ஆம்பியர். ஒரு வோல்ட் பெருக்கல் 100 ஆம்பியர், 100 வாட். கூரையில் ஒரு பேனல் தருவதாக எழுதியிருக்கிறதே, அந்த 100 வாட்டையும் ஒரு போல்ட் சூடாக்கித் தீர்த்துக்கொண்டிருந்தது. உண்மையில் பேனல் அவ்வளவு தருவதும் இல்லை. 25 டிகிரியில் அளந்த எண் அது, வெயிலில் காய்ந்த கூரையில் இன்னும் குறையும். இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது வோல்டேஜ் குறையக் குறைய கெட்டில் கேட்கும் அதே 1,000 வாட்டைத் தர இன்னும் அதிகமாக ஆம்பியரை இழுக்கும். இழுக்க இழுக்க வோல்டேஜ் இன்னும் விழும்.

நட்டைத் திறந்தேன். இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். ஸ்பானரைத் தொடும் முன் இன்வெர்ட்டரை அணைத்து, பேனல்களை, அவற்றுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலிருந்து பிரித்து, அதன் பிறகுதான் பேட்டரிப் பக்கத்து ஃப்யூஸைக் கழற்றினேன். வரிசை முக்கியம். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் கன்ட்ரோலரில் தொங்கக்கூடாது. சரி, நட்டைத் திறந்தேன். பட்டை, அதன் மேல் இந்த வாஷர், அதன் மேல் லக், நட். யார் இப்படிப் போட்டது? நான்தான். மூன்றாவது வீடியோவில் முகம் நிறையப் பெருமையோடு போடுகிறேன், போய்ப் பாருங்கள். லக் நேராகப் பட்டையில் உட்கார வேண்டும். வாஷர் லக்கின் மேலே, நட்டுக்குக் கீழே. வாஷரின் தடிமன் பெரிய விஷயமில்லை. நடுவில் புகுந்து, செம்பும் செம்பும் தொட வேண்டிய இடத்தில் துருப்பிடிக்காத எஃகைத் தொட வைத்ததுதான் வினை. போதாததற்கு வேன் ஆடி ஆடி நட்டும் அரைச்சுற்று தளர்ந்திருந்தது.

பஸ்பாரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது. அதைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அது 200 ஆம்பியர் ஃப்யூஸ், ஓடியது 100தான். ஃப்யூஸ் கேபிளைக் காக்க இருக்கிறது, எங்கோ ஒரு போல்ட் கொதிப்பது அதற்குத் தெரியாது. நல்லவேளை, இன்வெர்ட்டர் அரை நிமிடத்தில் அணைந்துகொண்டே இருந்தது. அதையும் போன வீடியோவில் திட்டியிருக்கிறேன்.

இரண்டு பரப்பையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, வரிசையைச் சரிசெய்து, முறுக்கினேன். மற்ற எல்லா நட்டையும் அப்படியே ஒரு சுற்று பார்த்தேன், இன்னும் ஒன்று தளர்வு. இப்போது அந்த இணைப்பில் வைத்தால் 0.02 வோல்ட். இன்வெர்ட்டர் முனையில் 12.1. கெட்டில் ஆறு நிமிடம் ஓடியது. நான் பக்கத்திலேயே குந்தியிருந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். செலவு 9 ஆம்பியர்-மணி. உச்சிவெயிலில் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். கொதித்து டக்கென்று சுவிட்ச் விழுந்த சத்தத்தை நான்கு முறை திரும்பப் போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த இன்வெர்ட்டர். வேலை முடிந்ததும் கையோடு அணைத்துவிடுகிறேன். சும்மா இருந்தாலே 15 வாட் தின்கிறது, நாள் முழுக்க விட்டால் 360 வாட்-மணி. நம் குளிர்பெட்டியே ஒரு நாளைக்கு அவ்வளவுதான் எடுக்கிறது. வாஷரை டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். பழுப்பான பிளாஸ்டிக்குக்குப் பதில் புது பஸ்பார் வந்ததும் அதைப் போடும் வீடியோவில் பார்க்கலாம். அதுவரை கெட்டில் பாதி அளவுதான், கை வைத்துச் சூடு பார்த்தபடிதான்.