‘அமைதியாக’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

திரையில்: புளியரை சோதனைச்சாவடி. கேரளா போகும் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஒரு டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருக்கிறார்.

குரல்: இவர் எப்படிக் காத்திருக்கிறார்? தமிழில் கேட்டால் ‘அமைதியாக’. மலையேறி, கேரளப் பக்கம் ஆரியங்காவில் கேட்டால் மலையாளத்தில் ‘சாந்தமாயிட்டு’. செங்கோட்டைப் பக்கம் இரண்டு மொழியும் காதில் விழ வளரும் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது ஒரே தவறு திரும்பத் திரும்ப வரும்: “பி காம்லி” (be calmly). எழுத வேண்டியது “பி காம்” (be calm).

தமிழின் ‘ஆக’, மலையாளத்தின் ‘ஆயி’ இரண்டுமே இரட்டை வேலை பார்ப்பதால் வரும் குழப்பம் இது. “அமைதியாக இரு” என்றாலும் அதே ஒட்டு, “அமைதியாகப் பேசு” என்றாலும் அதே ஒட்டு. ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். ஒருவர் இருக்கும் நிலைக்குக் காம். ஒன்றைச் செய்யும் விதத்துக்குக் காம்லி. ஆகவே பி, ஸ்டே, கீப், ஃபீல், ஸீம் ஆகிய வினைகளுக்குப் பின்னால் ‘லி’ ஒட்டாது. பிரிட்டிஷ் அரசு 1939-இல் அச்சடித்த போஸ்டரும் “கீப் காம் அண்ட் கேரி ஆன்” என்றுதான் சொன்னது. அங்கே காம்லிக்கு இடமில்லை.

வழுக்கிவிடும் வினை ‘லுக்’.

திரையில்: ஷி லுக்ட் காம். / ஷி லுக்ட் காம்லி அட் த பில்.

குரல்: முதல் வாக்கியத்தில் அவள் பார்க்க அமைதியாகத் தெரிந்தாள். இரண்டாவதில் பில்லை அமைதியாகப் பார்த்தாள். சந்தேகம் வந்தால் லுக்ட் இருக்கும் இடத்தில் ‘வாஸ்’ போட்டுப் படியுங்கள். ‘ஷி வாஸ் காம்’ பொருள் தருகிறதா? அப்படியானால் ‘லி’ வேண்டாம். ‘ஷி வாஸ் காம் அட் த பில்’ என்பது பொருள் தராமல் இடறுகிறது. அங்கே ‘லி’ கட்டாயம்.

அடுத்து, சொல் நிற்கும் இடம். “கண்டக்டர் கேள்விக்கு அமைதியாகப் பதில் சொன்னார்.” தமிழில் ‘அமைதியாக’ வினையை ஒட்டியே நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘ஆன்ஸர்ட் காம்லி த கொஸ்டின்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இந்தச் சொல் நுழையக் கூடாது. ‘ஆன்ஸர்ட் த கொஸ்டின் காம்லி’ சரி. ‘காம்லி ஆன்ஸர்ட் த கொஸ்டின்’ என்பதும் சரி. ஆனால் பின்பகுதி நீண்டால் முன்னால் வைப்பதே நல்லது. ‘ஹி ஆன்ஸர்ட் எவ்ரி கொஸ்டின் த பாஸஞ்சர்ஸ் ஆஸ்க்ட் காம்லி’ என்று எழுதினால், அமைதியாக இருந்தது கண்டக்டரா பயணிகளா என்றே தெரியாது.

எந்தச் சொல்லை எடுப்பது என்பதில்தான் எழுத்தின் ருசி இருக்கிறது. அந்த லாரி டிரைவருக்குக் காம்லி தவறில்லை. பேஷன்ட்லி இன்னும் பொருத்தம், ஏனென்றால் அவர் செய்வது காத்திருப்பது.

‘மெதுவாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மெதுவாகப் பேசு, மெதுவாகப் போ, மெதுவாகத் தொடு. மலையாளத்தின் ‘பதுக்கெ’யும் இதே ரகம். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று சொல்: பேச்சுக்கு க்வயட்லி அல்லது ஸாஃப்ட்லி, போவதற்கு ஸ்லோலி, தொடுவதற்கு ஜென்ட்லி. குரலைத் தாழ்த்தச் சொல்ல நினைத்து ‘ஸ்பீக் ஸ்லோலி’ என்றால், எதிரில் இருப்பவர் அதே சத்தத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஸைலன்ட்லி என்றால் ஓசையே கிடையாது. மனசுக்குள் வேண்டினால் ‘ப்ரேய்ட் ஸைலன்ட்லி’. ‘ஸ்போக் ஸைலன்ட்லி’ என்று எழுதினால் பேச்சே கேட்டிருக்காது.

இப்போது ஒரே வாக்கியத்தில் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிப் பார்ப்போம். பஸ்ஸில் ஒரு அம்மாவிடம் இரண்டாவது முறை டிக்கெட் காசு கேட்கிறார்கள்.

திரையில்: “ஐ ஹேவ் ஆல்ரெடி பெய்ட்,” ஷி ஸெட் காம்லி. / ஈவன்லி. / கூல்லி.

குரல்: காம்லி என்றால் பதற்றமே இல்லை. ஈவன்லி என்றால் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உள்ளே கோபம் இருக்கலாம், அடக்கிக்கொண்டிருக்கிறார். கூல்லி என்றால் குரலில் ஒட்டுதல் இல்லை, கொஞ்சம் அலட்சியம்கூட இருக்கிறது. புகார்க் கடிதத்தில் உங்களைப் பற்றி நீங்களே கூல்லி என்று எழுதினால் படிப்பவர் மனம் உங்கள் பக்கம் சாயாது.

பீஸ்ஃபுல்லி தூக்கத்துக்கு, ஊர்வலத்துக்கு, இரங்கல் செய்திக்கு. ஸெரீன்லி முகத்துக்கும் நீர்நிலைக்கும் அழகு; லீவ் லெட்டரில் ஒட்டாது. ப்ளாஸிட்லி அசைபோடும் மாட்டுக்கு அச்சாகப் பொருந்தும். மனிதர்களுக்குப் போட்டால் மந்தமானவர் என்ற சாயல் வந்துவிடும். விஸ்பர்ட் என்று எழுதிய பிறகு க்வயட்லி வேண்டாம், கிசுகிசுப்பிலேயே அது அடங்கியிருக்கிறது. லெஷர்லி மட்டும் ஏமாற்றும்: ‘லி’யில் முடிந்தாலும் பெரும்பாலும் அது பெயரடை. ‘எ லெஷர்லி வாக்’ என்று எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலில் இடறும் இடங்கள்: காமில் ‘எல்’ எழுத்து உண்டு, உச்சரிப்பில் இல்லை, ‘கால்ம்’ என்று சொல்ல வேண்டாம். ஜென்டிலின் கடைசி ‘ஈ’ போய் ஜென்ட்லி ஆகிறது. ஸெரீனின் ‘ஈ’ அப்படியே நிற்கிறது. க்வயட்டில் ‘ஈ’ முன்னால், ‘டி’ பின்னால். மாற்றிப் போட்டால் ‘க்வைட்’ ஆகி, ‘ஓரளவு’ என்று பொருள் மாறிவிடும். கூல்லியில் இரண்டு ‘எல்’. ஒன்றை விட்டால், தினக்கூலிக்காரரைத் தாழ்த்திச் சொல்ல வெள்ளைக்காரன் பயன்படுத்திய ‘கூலி’ என்ற சொல்லாக அது மாறிவிடும்.