ஒரே பயணத்தில் இரண்டு விடியல்

வணக்கம் நேயர்களே.

ஊர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் நாம் கிலோமீட்டரிலா பதில் சொல்கிறோம்? "பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரம்" என்போம். ஆகாயத்திலும் அதே பேச்சுதான்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கரைக்கு ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் இன்றைய ஜெட்டுக்கு அது ஆறேகால் மணி நேரம். சாப்பிட்டு, ஒரு படம் பார்த்து, கொஞ்சம் கண்ணயர்ந்தால் இறங்க வேண்டியதுதான். 1943-இல் இதே தூரத்துக்கு 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் போனது. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் போகும் விமான வழி அதோடு அறுந்தது. எங்கும் இறங்காமல் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி அதை ஒட்டவைக்கும் வேலை ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸுக்கு வந்தது. பெர்த்தின் சுவான் ஆற்றில் கிளம்பி, இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியில் இறங்கும் கேட்டலினா நீர்விமானங்கள் அவை. எரிபொருளே பெரும்பாரம் என்பதால் பயணிகள் மூன்று பேருக்கு மேல் இல்லை. தபால் 69 கிலோதான். எதிரிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வானொலியும் மௌனம். நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள்.

சரி, நேரம் ஏன் இவ்வளவு முன்பின் ஆனது? காற்றுதான். கேட்டலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். 30 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் இருபத்து நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். அதே காற்று முகத்தில் அடித்தால் 33 மணி நேரம். எட்டரை மணி நேர வித்தியாசம்! ஜெட்டுக்கு அதே காற்றால் வரும் வித்தியாசம் அரை மணி நேரம்கூட இல்லை. மெதுவாகப் போகிறவனுக்குக் காற்று முதலாளி. வேகமாகப் போகிறவனுக்கு அது வழித்துணை, அவ்வளவுதான். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே அந்த விமானிகளின் நெஞ்சுரம் புரிந்தது. எரிபொருள் தீர்ந்தால் கீழே கடல்தானே.

ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பார்த்ததால் இதற்கு 'இரட்டை உதயம்' என்று பெயர் வந்தது. இறங்கிய பயணிக்கு, 'இரட்டை உதய ரகசியச் சங்கத்தின்' உறுப்பினர் என்று ஒரு சான்றிதழும் கையில் கொடுத்தார்கள். முப்பது மணி நேரம் எஞ்சின் சத்தத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அதுவாவது மிச்சம்!

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள்: அல்டேர், வேகா, ரைஜல், அன்டாரஸ், ஸ்பைக்கா. போர்க்கால ஏற்பாட்டில் அமெரிக்கா கொடுத்தவை. போர் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அவற்றில் நான்கைப் பெர்த்துக்கு எதிரே உள்ள ராட்நெஸ்ட் தீவுக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தார்கள்.

வணக்கம்.