வளர்ப்பு சரியில்லையா, பிறவிக் குணமா?

(திரையில்: நள்ளிரவு, தொட்டிலில் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் குழந்தை)

குழந்தை அடம்பிடித்தால் எல்லோரும் முதலில் அம்மாவைத்தான் பார்ப்பார்கள். "வளர்ப்பு சரியில்லை." 1950களில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் பலரும் இதையேதான் சொன்னார்கள். ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் என்ற மருத்துவத் தம்பதிக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே தாய் வளர்த்த இரண்டு பிள்ளைகள் ஏன் இரண்டு விதமாக இருக்கிறார்கள்?

1956இல் நியூயார்க்கில் ஆய்வைத் தொடங்கினார்கள். 133 பேரைக் கைக்குழந்தையிலிருந்து பெரியவர்களாகும் வரை கவனித்தார்கள். சுமார் 40 சதவீதம் எளிதில் பழகும் குழந்தைகள். 15 சதவீதம் புதிதாக எதைக் கண்டாலும் ஒதுங்கி, மெல்லப் பழகுபவர்கள். 10 சதவீதத்துக்குப் பசியும் தூக்கமும் நேரத்துக்கு வராது, அழுதால் தெருவுக்கே கேட்கும். மற்றவர்கள் இந்த மூன்று வகைகளில் எதிலும் சேரவில்லை. அதையும் மறந்துவிடக் கூடாது, குழந்தைக்கு முத்திரை குத்துவது அவ்வளவு சுலபம்.

சரி, இப்படிப் பிறந்துவிட்டால் அவ்வளவுதானா? இல்லை. இதே தம்பதி, கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து நியூயார்க்கில் வாழ்ந்த உழைப்பாளிக் குடும்பங்களையும் கவனித்தார்கள். தூக்கம் வரும்போது தூங்கட்டும் என்று அங்கே குழந்தையை விட்டுவிடுவார்கள். அதனால் நேரங்கெட்ட நேரத்தில் தூங்கும் பிள்ளை யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை. மணி அடித்தாற்போலப் படுக்கவைக்க நினைத்த வசதியான வீடுகளிலோ தினமும் போராட்டம். அப்புறம் ஐந்து வயதில் பள்ளி வந்தது. காலையில் எழுந்தாக வேண்டும். அதுவரை யாரும் பொருட்படுத்தாத தூக்கம் போர்ட்டோ ரிக்கோ வீடுகளிலும் பிரச்சினையானது. குழந்தை மாறவில்லை, அதனிடம் எதிர்பார்த்தது மாறியது.

இதைத்தான் அவர்கள் 'பொருத்தம்' என்றார்கள். குழந்தையின் சுபாவமும் வீடு கேட்பதும் பொருந்துகிறதா என்பதே கேள்வி. இரவெல்லாம் தூங்காமல் தன்னையே நொந்துகொள்ளும் ஒவ்வொரு தாயிடமும் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

(திரையில்: இரண்டு குழந்தைகள், ஒரே அதட்டல்)

கண்டிப்பதற்கும் இது பொருந்தும். கிரஜினா கோச்சான்ஸ்கா என்ற உளவியலாளர் அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளை ஆராய்ந்தார். பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கு மென்மையாகச் சொன்னாலே மனசாட்சி வளர்ந்தது. கடுமையாக அதட்டினால் பயம்தான் மிஞ்சும், சொன்ன விஷயம் உள்ளே போகாது. பயமே இல்லாத துறுதுறு குழந்தைக்கோ அந்த மென்மை மட்டும் எடுபடவில்லை. அந்தக் குழந்தை சொல்பேச்சு கேட்டது அம்மாவோடு இருந்த ஒட்டுதலால்தான். சேர்ந்து விளையாடி, சேர்ந்து சிரித்த நேரங்களால்.