குதிரையின் கழுத்தில் இருக்கும் 15 இலக்கம்

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய டோங்காட், வெருலம், சாட்ஸ்வர்த் பக்கமெல்லாம் நம்மவர்கள் சிலர் வீட்டை ஒட்டியே ஒன்றிரண்டு குதிரை வளர்க்கிறீர்கள். பெரிய பந்தயக் குதிரைக்காரர்களுக்குச் சொல்லித்தர ஆள் உண்டு, அதனால் இன்றைக்கு உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

சில வருஷம் முன்பு செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரை வாங்கினேன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதன் பாஸ்போர்ட்டில், அதாவது குதிரையின் அடையாளப் புத்தகத்தில், வரைந்திருந்த படத்திலும் அதே சுட்டி, அந்த வருஷத்துத் தடுப்பூசியும் பதிவாகியிருந்தது, சரி என்று ஓட்டி வந்துவிட்டேன். மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் தீனியைத் தொடவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் கழுத்தை நீட்டி, விலா துடிக்க மூச்சு வாங்குகிறது, இரண்டு மூக்கிலிருந்தும் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாய் வழிகிறது. மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டது. டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார், அப்புறம் கழுத்துக்குள் இருக்கும் மைக்ரோசிப்பைப் படிக்க ஸ்கேனரை வைத்தார். வந்த எண் ஒன்று, பாஸ்போர்ட்டில் இருந்த எண் வேறு. ஊசி போட்டது வேறு ஏதோ குதிரைக்கு. போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதற்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

அது ஆப்பிரிக்கக் குதிரை நோய். ஒரு குதிரை இன்னொன்றைத் தொட்டு வருவதில்லை, மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி கடித்து வருகிறது, அந்தி மங்கும்போதும் விடியும்போதும்தான் அது அதிகம் கிளம்பும். வைரஸில் 9 வகை. நுரையீரலைத் தாக்கினால் பெரும்பாலும் பிழைக்காது, குணமாக்க மருந்தும் கிடையாது. 1854-55இல் கேப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 70,000 குதிரைகளை வாரிக்கொண்டு போன நோய் இது. நமக்கு இருக்கும் தடுப்பூசி இரண்டு பாட்டில், மூன்று வார இடைவெளியில், வருஷா வருஷம், பூச்சி குறைந்த ஜூன் முதல் அக்டோபருக்குள் போட வேண்டும்.

இதில் மைக்ரோசிப்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும். இடது கழுத்தில், பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே, காதுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில் உள்ள கெட்டியான தசைநாருக்குள் ஊசியால் செலுத்துவார்கள். பேட்டரி கிடையாது, குதிரை எங்கே நிற்கிறது என்று போன் மாதிரி காட்டிக்கொடுக்காது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் சுட்டியும் நிறமும் பத்துக் குதிரைக்கு ஒன்றுபோல இருக்கும், அந்த எண் ஒன்றுக்குத்தான் இருக்கும்.

ஒரு குதிரைக்கு நோய் கண்டால் முதல் கேள்வியே இது எங்கிருந்து வந்தது, கூட நின்றவை எவை, அவற்றுக்கு ஊசி போட்டாயிற்றா என்பதுதான். எந்தக் குதிரை என்றே தெரியாவிட்டால் மற்றதை யாரிடம் கேட்பது? கேப் டவுனைச் சுற்றி நோயில்லாத பகுதி என்று தனியாகக் காத்துவருகிறார்கள், இங்கிருந்து அனுமதி இல்லாமல் அங்கே குதிரையைக் கொண்டுபோக முடியாது. 2011இல் அந்தப் பக்கம் மாம்ரேயில் நோய் தலைகாட்டியதும் ஐரோப்பாவுக்கு நேராக அனுப்புவது நின்று, பல வருஷம் நம் நாட்டுக் குதிரைகள் மொரிஷியஸில் தங்கிப் போக வேண்டியிருந்தது. நோய் ஓரிடத்தில் தலைகாட்டினாலே எவ்வளவு பேர் பிழைப்பு கெடும் பாருங்கள்.

எனவே வாங்குமுன் ஸ்கேனர் கேளுங்கள். இடது பக்கம் எண் வரவில்லையா, வலது பக்கமும் பாருங்கள். கை மாறினால் பதிவையும் மாற்றுங்கள், குதிரை செத்தால் அதையும் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாஸ்போர்ட் வேறொன்றின் முதுகில் ஏறிவிடும். என் வீட்டில் இப்போது நான் எண்ணை உரக்கப் படிப்பேன், மகள் பாஸ்போர்ட்டில் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து வருவாள். 15ம் ஒத்துப்போன பிறகுதான் டிரெய்லர் கதவைத் திறக்கிறோம்.